மேசைக்குப் போகாத முர்டினா

லூயிஸ் தீவில் எங்கள் ஊருக்கு, ஆலயத்தில் கர்த்தரின் அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து வருடத்துக்கு இரண்டு முறைதான். அதற்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் ஆறு பேராவது முர்டினா வீட்டில் தங்குவார்கள். கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவள் அடுப்படியில் படுத்துக்கொள்வாள். ஆட்டுக்கறி சூப்பும் உப்புமீனும் உருளைக்கிழங்கும் மலைபோல் ஆக்கிப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் சோற்றைத் தின்றவர்கள் எல்லாம் வெள்ளைத்துணி விரித்த திருவிருந்து மேசைக்கு எழுந்து போவார்கள். அவள் மட்டும் கடைசி பெஞ்சிலேயே இருப்பாள். முப்பது வருஷம் இப்படி. பக்கத்து வீட்டுக்காரியான எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் நாலே நாலு படுக்கை விரிப்பு. ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை எந்த வேலை செய்தாலும் பாவம் என்று, அன்றைக்கான உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே உரித்து வைக்கிற ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஒரு ஞாயிறு, புருஷன் கடலுக்குப் போயிருந்த நேரத்தில் பெகி என்பவளுக்குப் பிரசவமாகி, உதிரம் நிற்காமல் போனது. மருத்துவச்சி வந்து உயிரைப் பிடித்து நிறுத்தினாள். மாற்றிப் போட விரிப்பில்லை. துணைக்குப் போயிருந்த முர்டினா நாலு விரிப்பையும் அலசித் துவைத்து வெளியே கொடியில் போட்டாள். சரியாக அந்த நேரத்தில் ஆலயம் முடிந்து ஊரே அந்த வழியாக வந்தது.

அடுத்த வசந்தத்தில், திருவிருந்தில் தன்னையும் சேர்க்கச் சொல்லி ஆலயத்து மூப்பர்கள் முன்னால் போய் நின்றாள். மூப்பர் டொர்மட் கேட்டார்: "அந்த ஓய்வுநாள் துணிக்காக மனசு வருந்துறியாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. எங்களில் பாதிப்பேர் அப்படித் தலையாட்டித்தான் உள்ளே போனோம், என்னையும் சேர்த்து. இவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வருத்தம் வரலையே அண்ணே. வராததை வந்துச்சுன்னு கர்த்தர் முன்னால எப்படிச் சொல்றது?"

"அப்ப, வர்ற வரைக்கும் பொறு."

பொறுத்தாள். குடிகார ருவாரிக்குச் சனிக்கிழமைதோறும் சவரம் செய்துவிட்டாள். நாளைக்கு ஆலயத்துக்கு வா என்று அவனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எட்டாவது வருஷம் அவனாகவே ஆலயத்துக்கு வந்தான். அவளுக்கோ மேசை எட்டாமலே இருந்தது.

"போய்ச் சொல்லித் தொலையேண்டி! ஒரு பொய்க்கு வானமா இடிஞ்சு விழுந்துரும்?" என்று கத்தியிருக்கிறேன்.

அவள் பானையைத் தேய்த்தபடியே சொன்னாள்: "சாகுறதுக்குள்ள ஒரு தடவையாவது அந்த அப்பத்தைத் தொட்டுரணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா பொய் சொல்லிட்டுத் தொட வேணாம்டி."

போன குளிர்காலத்தில் டொர்மட்டின் மனைவி எஃபி பக்கவாதத்தில் விழுந்தாள். கூப்பிடாமலே போனவள் முர்டினாதான். தினமும் போய்க் குளிப்பாட்டித் துடைத்து, ஊட்டிவிட்டு வருவாள். ஒரு ஞாயிறு எஃபியின் படுக்கை நனைந்துவிட்டது. விரிப்பைத் துவைத்த முர்டினா, அதை அடுப்புக்கு முன்னால் நாற்காலிகளில் விரித்தாள்.

"வெளியே நல்ல காத்தடிக்குதேம்மா," என்றார் டொர்மட்.

"அடிக்கட்டும் அண்ணே. ஊரு உங்களை ஒண்ணும் பேசிரக் கூடாது."

அந்த வாரமே டொர்மட் மற்ற மூப்பர்களிடம் போய், அன்றைக்கு முர்டினாவிடம் தான் கேட்ட கேள்வியே தப்பு என்று சொல்லியிருக்கிறார். வசந்தத் திருவிருந்துக்கு முந்தின நாள் முர்டினா வீட்டுக்கு வந்து, மேசைக்கு அனுமதியான சின்ன ஈய வில்லையை அவள் கையில் வைத்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"எனக்கு இன்னும் வருத்தம் வரலையே அண்ணே."

"எனக்கு வந்துருச்சும்மா."

ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு அழைப்பு வந்தது. வில்லையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு முர்டினா அப்படியே உட்கார்ந்திருந்தாள். தனக்கு அங்கே இடமில்லை என்கிற முப்பது வருஷத்துப் பயம் எழவிடவில்லை. அப்பத்தட்டை ஏந்த வேண்டிய டொர்மட், முன்வரிசையிலிருந்து எழுந்து ஊர் முழுக்கப் பார்க்க நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, போங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"உன்னை இங்க உக்கார வச்சவன் நான். நீ போகாம எனக்கு அங்க என்ன வேலை? இன்னைக்கு எனக்கும் வேண்டாம்."

தனக்காக எழ முடியாத மனுஷிக்கு, இன்னொருத்தர் சாப்பிடாமல் போவது பொறுக்கவில்லை. சட்டென்று எழுந்துவிட்டாள். நான் வாய்விட்டே அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. முர்டினா முன்னால் நடக்க, டொர்மட் அவள் பின்னால் போனார்.