மக்கு வைக்காத இடம்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'நாளைக்கு' என்று பெயர். மர பாலிஷ் வேலை. எண்ணெய் பூசினால் காய வேண்டும், காய்ந்ததும் தேய்த்து மறுபடி பூச வேண்டும். அதனால் யார் வந்து கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பார். கல்யாணமான புதிதில் நான் சேலை கேட்டபோதும் அதே பதில்தான். ஆனால் ஒரு சின்னக் கீறலோடு எந்தச் சாமானும் கடையை விட்டுப் போகாது. "என் கையில ஆகாதது இல்ல" என்று கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

ஒரு நாள் பேங்க் காவலாளி வந்தார். தன் சொந்தத் துப்பாக்கியின் குழலைப் பேங்கில் பூட்டி வைத்துவிட்டு, மரக்கட்டையை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவர் கதை எங்களுக்குத் தெரியும். அவருடைய ஒரே பையன், காலேஜில் படித்தவன், துடைத்து வைக்கலாம் என்று அந்தத் துப்பாக்கியை எடுத்திருக்கிறான். உள்ளே தோட்டா இருந்திருக்கிறது. அதை எடுத்து வைக்க மறந்தது அப்பாதான்.

"இது வாசப்படி ஏறக்கூடாதுங்கறா வீட்டுக்காரி. இது இல்லாட்டி எனக்கு வேலை இல்லண்ணே. அடையாளமே தெரியாம கறுப்பாக்கிக் குடுங்க. வேற துப்பாக்கி மாத்திட்டேன்னு சொல்லிக்கறேன்."

இவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்தார். அமுங்கிய இடங்களில் ஈரத்துணி போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தார். புஸ்ஸென்று ஆவி வந்து பள்ளமெல்லாம் மேலே எழும்பியது. அடி ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் மட்டும் அசையவில்லை.

"அமுங்கின நார் எழும்பும். இது அறுந்த நார்" என்றார் எரிச்சலோடு.

"எலி கடிச்சிருக்கும்" என்றேன் நான்.

கட்டை கறுத்த பிறகு அதே நிறத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து மக்கு கலந்து அடைத்துவிடலாம் என்று விட்டுவைத்தார். ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கி உள்ளங்கையாலேயே தேய்த்தார். வெளுத்துக் கிடந்த மரம் முதலில் டீ நிறத்துக்கு வந்தது, அப்புறம் டிகாஷன் நிறத்துக்கு.

ஒரு மத்தியானம் காவலாளியின் மனைவி தனியாக வந்தாள். பேங்கில் விசாரித்ததில் எல்லாம் தெரிந்துவிட்டதாம். கொக்கியில் தொங்கிய கட்டையிடம் நேராகப் போனாள். நிறத்தைப் பார்க்கவே இல்லை. அடி ஓரத்தைத் தடவினாள். விரல் அந்தப் புள்ளிகளில் நின்றது.

"பல்லு முளைக்கறப்போ கடிச்சது. அவர் மடியில உக்காந்துக்கிட்டு. அப்போ கீழ ரெண்டு பல்லுதான் அவனுக்கு."

எலி என்று சொன்ன நாக்கை எனக்குக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இதை அடைச்சிடாதீங்கண்ணே. இது இருந்தா வீட்டுக்கு வரட்டும். வேற துப்பாக்கின்னு அவர் சொல்லுவார், நானும் சரின்னு கேட்டுக்கறேன். எனக்குத் தெரியும்னு மட்டும் அவருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா வேலையை விட்டுட்டு மூலையில உக்காந்துடுவார். அப்புறம் அவரும் எனக்கு இல்ல."

இவர் தலையாட்டினார்.

காவலாளி வந்த அன்று கட்டை கறுப்பாக மினுங்கியது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் அடி ஓரத்துக்குப் போனதும் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இதை மட்டும் அடைச்சிடுங்க. அவ விரல் பட்டா கண்டுபிடிச்சிடுவா."

மேஜையில் மக்கு டப்பா திறந்தே இருந்தது. இவர் டப்பாவைப் பார்த்தார், மூடினார்.

"அது என் கையில ஆகாதுங்க."

முப்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை.

"உங்க கையிலயா?" என்றார் காவலாளி.

"முயற்சி பண்ணிப் பாத்தேன். வரலை."

காவலாளி விரலை எடுக்காமலேயே நின்றார். கண் நிறைந்துவிட்டது. "ஆகாதுன்னா விடுங்கண்ணே, என்ன பண்றது" என்றார். குரலில் வருத்தமே இல்லை. பிறகு கட்டையைத் துணியில் சுற்றினார். அந்த ஓரத்துக்கு மட்டும் இரண்டு சுற்று சுற்றினார்.