புருஷனுக்காக விஸ்கி ருசி பார்த்த என் லோகா

லோகா போயிட்டா.

காலையில அவ மக கோயம்புத்தூர்லேர்ந்து போன் பண்ணுச்சு. "சித்தி, அம்மா தூக்கத்துலயே..."

நானும் லோகநாயகியும் அறுபதுகள்ல விருதுநகர்ல ஒரே ஸ்கூல்ல டீச்சர். அவ சயின்ஸ், நான் தமிழ். ஒரே வயசு, அடுத்தடுத்த வீடு.

இந்த ஃபேஸ்புக் பக்கத்துல இருக்கிறவங்க முக்காவாசிப் பேரு என்கிட்ட படிச்ச பிள்ளைங்க. ஷாக் ஆகாதீங்கம்மா... உங்க தமிழ் டீச்சருக்கு விஸ்கி ருசி பாக்கத் தெரியும். நானும் லோகாவும் சேர்ந்து கத்துக்கிட்டது.

அவ வீட்டுக்காரர் மிலிட்டரில இருந்து வந்தவரு. தாயில்பட்டி பக்கம் ஒரு பட்டாசு கம்பெனில மேனேஜர். அப்ப மதுவிலக்கு. அவருக்கு பெர்மிட் இருந்துச்சு, மதுரை போயி முறையா வாங்கிட்டு வருவாரு.

ரெண்டு வகை விஸ்கி வாங்கி வீட்லயே கலப்பாரு. மருந்து அளக்குற அவுன்ஸ் கிளாஸ்ல இதுல ரெண்டு பங்கு, அதுல ஒரு பங்கு... கலந்து ஒரு வாரம் அசையாம வச்சிருவாரு. பொறவு சாயங்காலம் ஒரே ஒரு கிளாஸ். லோகாவுக்கு அந்த வாடையே ஆகாது, மூஞ்சியைத் திருப்பிக்குவா.

ஒரு தீபாவளி சீசன்ல கம்பெனில பட்டாசு மருந்து கலக்குற ரூம்ல தீப்பிடிச்சுருச்சு. இவரு உள்ள போயி ரெண்டு பேரை வெளிய இழுத்துட்டு வந்தாரு. காயமெல்லாம் ஆறிருச்சு. ஆனா அந்தப் புகையில மூக்கு போச்சு. மல்லிப்பூ, குழம்பு, மழை... எந்த வாசனையும் இல்ல. உப்பும் உறைப்பும் மட்டும் தெரியும்.

மனுஷன் பேச்சையே விட்டுட்டாரு. தட்டுல பாதிச் சோறு அப்படியே கிடக்கும்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் லோகாவே ஒரு கிளாஸ் ஊத்திக் கொண்டுபோயி வச்சிருக்கா. "எரியுது. அம்புட்டுதான்"னு கீழ வச்சிட்டாராம். "முன்னாடி எப்படி இருக்கும்?"னு இவ கேட்டிருக்கா. அரை மணி நேரம் பேசினாராம்! தீப்பிடிச்ச நாள்லேர்ந்து அவரு அவ்வளவு பேசினதே இல்ல.

மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "ஏடி, நான் குடிச்சுப் பாத்து அவுகளுக்குச் சொல்லப் போறேன். தனியா பயமா இருக்கு, நீயும் வா."

போனேன்...

மொத வாய்லயே எனக்குப் புரையேறி கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவரு சிரிச்சாரு. "டீச்சர், மடக்குனு முழுங்காதீக. கொஞ்சம் தண்ணி விடுங்க. வாயை லேசாத் தொறந்துக்கிட்டு மோந்து பாருங்க. நாக்குல வச்சிருந்துட்டுத் துப்பிருங்க."

லோகா இங்க் ஃபில்லரால சொட்டுச் சொட்டா தண்ணி விட்டா. மோந்தா. நாக்குல வச்சா. "தேன் மாதிரி... பழம் மாதிரி..."ன்னா.

அவரு முகம் மாறிருச்சு. "அது நான் அன்னைக்குச் சொன்னது. நீ என்ன கண்டே? அதைச் சொல்லு."

லோகா இன்னொரு வாய் எடுத்தா. "மிளகா வத்தல் கமிஷன் கடைல காலிச் சாக்கை உதறுனா ஒரு நெடி வருமே, அது. பொறவு... கருப்பட்டிப் பானையோட அடி."

அவரு கிளாஸை வாங்கி, கண்ணை மூடிக்கிட்டு ஒரு வாய் குடிச்சாரு. "ஆமா லோகா... ஆமா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அப்புறம் ஞாயித்துக்கிழமைதோறும் அதான். இவ ருசி சொல்லுவா, அவரு "அப்ப அதுல இன்னொரு அரை அவுன்ஸ் கூட்டு"ம்பாரு. போகப் போக குழம்புக்கும் ரசத்துக்கும் வாசனை சொல்ல ஆரம்பிச்சா. மனுஷன் தட்டைக் காலி பண்ண ஆரம்பிச்சாரு.

யாரோ ஸ்கூல்ல போட்டுக் குடுத்துட்டாங்க.

ஹெச்.எம். எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. லோகா மறைக்கல. "ஆமாம்மா. வீட்டுக்காரருக்காக ருசி பாத்தேன். துப்பிருவேன்."

ஹெச்.எம். என் பக்கம் திரும்புனாங்க. "உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா"ன்னேன்.

லோகா என்னைத் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா நான் மாட்டியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

அந்த வாரமே அவளுக்கு வேலை போச்சு. எனக்கு இருந்துச்சு... ரிட்டயர்மென்ட் வரைக்கும். நீங்க எல்லாரும் சேர்ந்து சால்வை போத்துனீங்களே.

அறுபது வருஷமா இதை யார்கிட்டயும் சொன்னதில்ல.

ரெண்டு ஞாயிறு நான் அவ வீட்டுப் பக்கமே போகல. மூணாவது ஞாயிறு அவளே எங்க வாசல்ல வந்து நின்னா. "வாடி. புதுசா ஒண்ணு கலந்திருக்கேன். நல்லா வந்திருக்குன்னா அவுக நம்ப மாட்டேங்குறாக. நீ வந்து சொல்லு."

அழுதுக்கிட்டே மன்னிப்புக் கேட்டேன்.

"உன் வேலையும் போயிருந்தா யாருக்கு என்னடி லாபம்? மொதல்ல மூக்கைச் சிந்து. மூக்கடைச்சிருந்தா ஒரு ருசியும் தெரியாது."

நல்லாத்தான் வந்திருந்துச்சு அது. நெஜமாவே.

அவருக்கு வாசனை கடைசி வரைக்கும் திரும்பல. ஆனா நல்லா சாப்பிட்டாரு, நல்லா பேசினாரு. லோகா வீட்லயே டியூஷன் எடுத்து மகளைப் படிக்க வச்சா. அவரு போன பிறகு அவ ஒரு சொட்டு தொடல.

நாளைக்குக் காலையில கோயம்புத்தூர்லயே எடுக்குறாங்களாம். "இந்த முட்டியை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் உக்காந்து வர முடியாதும்மா"ன்னான் என் மகன். காரைச் சொல்லுடான்னுட்டேன்.

வாசல்ல ஹார்ன் சத்தம் கேக்குது...

கிளம்பிட்டேன் லோகா. நான் வந்து முகத்தைப் பாத்த பிறகு எடுங்கன்னு உன் மககிட்ட சொல்லியிருக்கேன்.