ஆயில் லைட்டின் ஒயர்

என் காரில் ஆயில் பிரஷர் குறைந்திருக்கிறது என்று அது வழியில் நின்றுபோவதற்கு ஐந்து நாட்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். மகளும் மனைவியும் அதில் ஏறிப் போனபோதும் தெரியும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் தைரியம் வராமல் போகலாம்.

செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் அளவுக் கருவிகளோடு வேலை பார்த்தவன் நான். திருமுல்கேரி சிக்னலில் நின்றபோது டாஷ்போர்டில் எண்ணெய்க் குவளைப் படம் சிவப்பாக மினுங்கியது. வண்டி நகர்ந்ததும் அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் அளவு சரியாக இருந்தது. அளவு சரி என்பதால் அழுத்தமும் சரி என்று ஆகாது. விளக்கை எரியவைக்கும் சுவிட்சை இன்ஜினிலிருந்து கழற்றி, அந்தத் துளையில் ஒரு பிரஷர் கேஜை மாட்டியிருந்தால் கால் மணி நேரத்தில் உண்மை தெரிந்திருக்கும். ஒரு கருவியை நம்பாவிட்டால் இன்னொன்றை வைத்துச் சோதிக்க வேண்டும், அதுதான் நான் செய்த வேலையே. ஆனால் நான் கேஜ் மாட்டவில்லை. அது என்ன காட்டுமோ என்று பயந்தேன்.

"இன்னொரு வாட்டி இந்த வண்டி மக்கர் பண்ணுச்சுன்னா வித்துடலாம்பா. எழுபத்தஞ்சு வயசுல உங்களுக்கு டிரைவிங் நக்கோ, வேணாம்" என்று மகள் சொல்லியிருந்தாள்.

எனவே சுவிட்ச்தான் பழுது என்று முடிவு செய்துகொண்டேன். அதிலிருந்து ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிட்டேன். விளக்கு எரியவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை ஷம்ஷாபாத் பக்கம் ஒரு உறவினர் வீட்டில் ஞானஸ்நானம். மகளின் காரை மருமகன் எடுத்துப் போயிருந்ததால் என் காரின் சாவியைக் கேட்டாள். முழங்கால் வலி, நான் போகவில்லை. கேட்டில் நின்று, "பாத்து ஓட்டும்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, அவுட்டர் ரிங் ரோட்டிலிருந்து ஸ்பீக்கரில் பேசினாள்.

"அப்பா, இன்ஜின்ல டக்கு டக்குன்னு சத்தம் வருது. லைட் ஒண்ணும் எரியல. நிறுத்திடட்டுமா?"

உடனே நிறுத்து என்றிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பாள்.

"வேணாம்மா. மெதுவா ஓட்டிட்டு அடுத்த எக்ஸிட்ல எறங்கிடு."

அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. சுத்தியலால் தட்டுவதுபோல் பலமாகி, இன்ஜினோடு சட்டென்று நின்றது. "ஸ்டியரிங் திரும்பலப்பா!" என்று அலறினாள். போன் எங்கோ விழுந்தது. ஆனால் இணைப்பு அறுபடவில்லை. ஒரு லாரியின் ஹாரன் நெருங்கி நெருங்கி வந்தது. என் மனைவி, "ஏசுவே, ஏசுவே" என்றாள். நான் ஹாலின் நடுவில் நின்று, "பிரேக்க அழுத்தி மிதி, ஓரமா விடு" என்று கத்தினேன். யாருக்கும் கேட்டிருக்காது. பிறகு வண்டிகள் கடந்துபோகும் இரைச்சல் மட்டும். போனை வைக்கவும் பயம். வைத்தால் அந்த இரைச்சலும் போய்விடும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

"ஓரத்துல இருக்கோம்பா" என்றது மகளின் குரல்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து, நானும் மகளும் எங்களுக்குத் தெரிந்த செகந்திராபாத் தமிழ் மெக்கானிக்கிடம் விட்டோம். அவன் சாவியைத் திருப்பிப் பார்த்தான்.

"அங்கிள், சாவி போட்டா ஆயில் லைட் எரியணும். எரியல பாருங்க."

"பல்ப் போயிருக்கும்" என்றேன். அப்போதும் பொய்தான்.

பானெட்டுக்குள் தலையை விட்டவன் சிரித்தான். "ஹவ், ஆமா அங்கிள், பல்ப்புதான்! ஒயர எவனோ கழட்டி டேப் சுத்தி வெச்சிருக்கான். கைக்கு, எதுக்கு இப்படிப் பண்றானுங்க? ஆனா நீட்டான ஆளு. திரும்பப் பிரிக்க வசதியா நுனிய மடிச்சு விட்டிருக்கான். எங்க ஷெட்ல எவனுக்கும் அந்தப் பொறுமை கெடையாது."

மகள் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் நான் டேப் ஒட்டிய எந்தப் பொருளிலும் நுனி மடிந்திருக்கும். அவளுடைய பள்ளிப் புத்தக அட்டைகளிலும் அப்படித்தான்.

"நான் போன் பண்ணப்பவே தெரியுமாப்பா?"

"தெரியும்."

மெக்கானிக் அடியில் படுத்து, ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, ஆயில் உறிஞ்சும் வலையைக் கொண்டுவந்து காட்டினான். தார் போன்ற கசடு அப்பியிருந்தது. "ஆயில் ஃபுல்லா இருக்கு அங்கிள், மேலதான் ஏறல" என்று விளக்கினான். நாங்கள் இருவரும் அதைக் கேட்கவில்லை.

இன்ஜினைச் சரிசெய்தாயிற்று. சாவி இப்போது மகளிடம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது, ஸ்டார்ட் செய்யாமல் சாவியைப் பாதி திருப்பி, சிவப்பு விளக்கைத் தொட்டுக் காட்டுகிறாள். "எரியுதுப்பா." ஸ்டார்ட் செய்கிறாள். "அணைஞ்சிடுச்சு." பின்சீட்டில் நான் தலையாட்டுகிறேன்.

"இது என்னடி புதுப் பழக்கம்?" என்று போன வாரம் என் மனைவி கேட்டாள்.

"அப்பாவ கேளுங்க."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். இந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து அவள் வருவதற்காக உட்கார்ந்திருக்கிறேன்.