உமிக்கரிப் பீப்பாய்

தலையில் கட்டியிருக்கும் வெள்ளைத் துண்டின் முனையை, பீப்பாயிலிருந்து வடிந்த வாளித் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, வெயிலில் தூக்கிப் பார்க்கிறார் காளியம்மா. நீலம் ஏறவில்லை என்றால்தான் அந்தத் தண்ணீர் ஓடைக்குப் போகும். ஏறியிருந்தால் மறுபடியும் பீப்பாய்க்கு.

குனோங் ராபாட் மலையடியில் ஒரு தவுக்கேயின், சீன முதலாளியின், சாயப்பட்டறை. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த நாள்முதல் காளியம்மா அங்கே சாரோங் கைலிகளுக்குச் சாயம் போடுகிறார். பத்து விரலும் நீலம். கோயிலில் திருநீறு வாங்கும்போது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டுதான் நீட்டுவார். துடைத்தால் போகாது என்று அவருக்கும் தெரியும்.

ஓடையின் கீழே வீரம்மா, வீடு வீடாக வாங்கிவரும் பள்ளிச் சட்டைகளைத் துவைக்கிறார். இருவரும் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். போன தீபாவளிக்கு முன், பட்டறையிலிருந்து ஓடையில் வந்த நீலம் மூன்று சட்டையில் பிடித்துவிட்டது. இரண்டு வீட்டார் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். "உன் நீலத்த நீயே உடுத்திக்க, காளி" என்ற வீரம்மா அதன்பிறகு அவரோடு பேசவில்லை. துவைக்கத் தண்ணீரைக் குழாயடியிலிருந்து சுமந்தார்.

காளியம்மா பழைய பீப்பாயில் கல், மணல், அதன்மேல் உமிச்சாம்பல் என்று நிரப்பிச் சாயத்தண்ணீரை ஊற்றினார். திருநீறு போல வெளுத்த சாம்பல்தான் சுத்தம் என்று எதிர்வீட்டுக்காரனான நான் சொன்னேன். அப்படியே எரித்தார். நீலம் நீலமாகவே இறங்கியது.

"நெத்தியில பூசலாம்ணே. சாயத்துக்கு ஆகல லா" என்றார், சிரிக்காமல்.

பிறகொரு நாள் உமி பாதி எரியும்போதே மழை வந்து அணைத்துவிட்டது. கன்னங்கரேலென்று கிடந்ததை வீணாக்க மனமில்லாமல் பீப்பாயில் போட்டார். அன்று சொட்டியது தெளிந்த தண்ணீர்.

"பல்லு வெளக்குற கரிதாண்ணே. இதுதான் சாயத்த புடிச்சி வச்சிக்குது."

போன சனிக்கிழமை, துண்டையே அவிழ்த்து ஓடையில் அலசி, வீரம்மாவின் துவைக்கல்லில் விரித்துவிட்டு ஒதுங்கி நின்றார். குழாயடியிலிருந்து வந்த வீரம்மா குடத்தை இறக்கினார். துண்டை இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"இது எத்தன நாளைக்கு?"

"துண்டு நீலம் காட்டுற வரைக்கும். அப்புறம் புதுசு போடுவேன்லா."

"பெரிய கெட்டிக்காரிதான். நில்லு."

வீரம்மா வீட்டுக்குள் போய்ச் சட்டை மூட்டையைக் கொண்டுவந்து கல்லில் வைத்தார். காளியம்மா குனிந்தார். தம் விரல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு நீலம் சட்டையில் படாமல் இரண்டு கைகளையும் மார்போடு மடக்கிக்கொண்டு, முழங்கையால் மூட்டையை மெல்லத் தண்ணீருக்குள் தள்ளினார்.