பிறந்தநாள் கேக்

வெளிநாட்டில இருக்கிற ஆருக்கும் பிறந்தநாள் எண்டால், அவை அனுப்பின காசில புளியங்குளம் சந்தியில உலர் உணவுப் பொதி ஏத்தின வான் வந்து நிற்கும். மண்ரோட்டால உள்ள வந்து, மலையகத்தில இருந்து வந்து குடியேறின எங்கட சனத்தைப் பார்க்க வானில வாறவைக்கு நேரமில்லை. அம்மாதான் காலில ஆறாத புண்ணோட சந்திவரைக்கும் நடந்தா.

பொதிக்குள்ள எப்பவும் கோதுமை மா, சீனி, நூடில்ஸ், பிஸ்கட். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. எங்கட குசினியில வேற என்ன இருந்தது சமைக்க? பொதி குடுக்கமுன்னம் கேக் வெட்டி, ஆளுக்கொரு துண்டு ஊட்டி, காசு தந்தவைக்கு அனுப்ப வீடியோ எடுப்பினம். வேண்டாமெண்டு அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்தமுறை பொதி கிடைக்காதெண்ட பயம்.

கிளினிக்கில நேர்ஸ் ஏசினா: "வாயைக் கட்டத் தெரியாதா அம்மா? மாவையும் சீனியையும் ஆர் சாப்பிடச் சொன்னது?"

அம்மா மருந்தை வாங்கிக்கொண்டு எழும்பினா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

கடைசியில ஆஸ்பத்திரியில அம்மாவின்ர காலை எடுத்துப்போட்டினம். அதுக்குப் பிறகுதான் அந்த வான் முதன்முதலா எங்கட வாசலுக்கு வந்தது. அம்மாவைக் கதிரையில இருத்தி, வீடியோவில வெட்டின கால் தெரியச் சீலையை ஒதுக்கிவிட்டு, கேக்கை வாய்க்கு நேர நீட்டிச்சினம்.

அம்மா வாயைத் திறந்தா.