தூளியில் ஒரு பேட்டரி

வாசலூர்பட்டி படகுத் துறைக்குப் போனவர்கள் ருக்குமணியின் குரலைக் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது. "ஏனுங்க, கொழந்தய மட்டும் உக்கார வையுங்க. நீங்க எறங்குங்க சாமி, அது உங்களத் தாங்காது."

படகுத் துறையை ஒட்டிய துண்டுச் சமதளத்தில் அவள் ஒரு சிவப்புப் பொம்மை ஜீப்பை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை உட்கார்ந்து காலால் அழுத்தினால் பேட்டரியில் ஓடும். சேலத்துப் பொருட்காட்சி முடிந்து கடையைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கெஞ்சி வாங்கிய ஜீப் அது. கொல்லிமலையில் சமதளம் கிடைப்பது மாமியார் வாயில் பாராட்டுக் கிடைப்பது மாதிரி. கொஞ்சம் மேடு வந்தாலும் பேட்டரிக்கு மூச்சு வாங்கும். அதனால் சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதைத் தாண்டுகிற குழந்தையின் பின்னால் ருக்குமணி ஓடுவாள். நாலு சுற்றுக்கு ஒருமுறை ஜீப்புக்கு ஓய்வு. அப்போது பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் அடிக்குது, கொஞ்சம் ஆறட்டும்" என்பாள்.

இந்தப் பாசத்துக்குப் பின்னால் ஒரு மரணம் இருந்தது. முதல் பேட்டரியை அவள்தான் கொன்றாள். ஐப்பசி மழையில் கூட்டம் நின்றதும் ஜீப்பைச் சாக்கால் மூடி வைத்தாள். தை மாதம் எடுத்துப் பார்த்தால் உயிர் இல்லை.

"வெறும் வயித்தோட மாசக்கணக்குல போட்டு வெச்சா எதுங்க பொழைக்கும்?" என்றார் சேலத்துப் பேட்டரிக் கடைக்காரர். "மழைக்காலத்துல கழட்டி எடுத்துடுங்க. ஈரத் தரை ஆகாது, அடுப்புச் சூடும் ஆகாது. மாசம் ஒருக்கா சார்ஜ் போட்டு வயித்த நெறச்சு வையுங்க."

ஒரு வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டேனே என்று ருக்குமணி கடையிலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்குப் புதுப் பேட்டரியைக் கழற்றினாள். தரை ஓதம். பரணில் எலி. யோசித்தாள். பழைய நூல் சேலையை உத்திரத்தில் கட்டித் தூளி போட்டு, அதில் பேட்டரியைப் படுக்க வைத்தாள்.

விதி அன்று பக்கத்து வீட்டுக் கண்ணாயியின் உருவத்தில் ஜன்னலோரம் வந்து நின்றது.

"என்னக்கா, தூளி தொங்குது?"

"சத்தம் போடாத கண்ணாயி. இப்பத்தான் வயிறு நெறஞ்சு தூங்குது."

கண்ணாயி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. செம்மேடு பஸ்ஸில் ஏறினாள். பஸ் போன ஊருக்கெல்லாம் சேதியும் போனது: ருக்குமணிக்கு நாற்பத்து மூன்று வயதில் பிள்ளை.

சேதி அதே மலையின் திருப்புலி நாட்டில் இருந்த அவளுடைய அண்ணன் மாதேஸ்வரன் காதிலும் விழுந்தது.

அண்ணனும் தங்கையும் பேசி ஐந்து வருடம் ஆகியிருந்தது. ருக்குமணியின் மகள் தாரணி வயசுக்கு வந்த சீரில், அவர் தலைச்சுமையாகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவை, மைக்கில் சீர்வரிசை படித்தவன் "பித்தளைக் குண்டா" என்று வாசித்துவிட்டான். சபையில் யாரோ சிரித்தார்கள். "அண்டாவக் குண்டாவாக்குன ஊட்டுல இனி நான் கை நனைக்க மாட்டேன்" என்று சாப்பிடாமலே போனவர்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் ருக்குமணி அண்ணனுக்கு ஓர் இலை போட்டு வைப்பாள். அதன் முன்னால் உட்கார்ந்து அழுவாள். பிறகு அவளே சாப்பிட்டுவிடுவாள்.

அந்த அண்ணன் ஒரு மழை நாளில், நனைந்த துண்டும் கையில் மூட்டையுமாக வாசலில் நின்றார். மூட்டைக்குள் வெள்ளி அரைஞாண் கொடி, வசம்பு, ஒரு கிலுகிலுப்பை.

"எனக்கு ஒரு தாக்கல் சொல்லி உட்டியா அம்மிணி? ஊரே சொல்லுது." நனைந்த துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போகட்டும். கொழந்தைக்குக் கொடியக் கட்டிட்டு, உன் கையால சாப்பிட்டுட்டுப் போறேன்."

உண்மையைச் சொல்ல ருக்குமணி வாயெடுத்தாள். சொன்னால் போய்விடுவார். இந்த முறை போனால் திரும்ப வரமாட்டார். ஒரே வழிதான் இருந்தது: தூளியைப் பார்ப்பதற்குள் அவரைச் சாப்பிட வைத்துவிட வேண்டும்.

"மொதல்ல சாப்பிடுங்கண்ணா. தூங்குது. சாமைச்சோறு சூடா இருக்குது."

"தாய்மாமன் கொடி கட்டாம கை நனைக்கறதா? நல்லாருக்குது ஞாயம்."

அந்த நேரம் பார்த்து மரவள்ளிக் காட்டிலிருந்து அவள் கணவன் அர்த்தனாரி வந்து சேர்ந்தான். மாதேஸ்வரன் அவனைக் கட்டிக்கொண்டார். "மாப்ள, இந்த வயசுலன்னு கூச்சப்படாதீங்க. கொழந்தய சாமி குடுத்திருக்குது."

அர்த்தனாரி மனைவியைப் பார்த்தான். தூளியைப் பார்த்தான். "எனக்கும் தாக்கல் இல்லீங்க மச்சான்" என்றான்.

ருக்குமணி ஓடிப்போய் இலை போட்டாள், தண்ணீர் தெளித்தாள், மோர்ச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நிமிர்ந்தால் அண்ணன் தூளியருகே நிற்கிறார். கண்ணு பட்டுவிடுமாம்; கொடி கட்டிய பிறகுதான் முகம் பார்ப்பாராம். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடியோடு இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தடவினார்.

"நல்ல கெட்டியான புள்ள."

காலையில்தான் வயிறு நிறையச் சார்ஜ் ஏற்றியிருந்தாள். முனைகளை மூடி ஒட்டிய டேப்பைத் திரும்ப ஒட்ட மறந்திருந்தாள். வெள்ளிக்கொடி இரண்டு முனையிலும் ஒருசேரப் பட்டது. பளீரென்று ஒரு பொறி பறந்தது.

மாதேஸ்வரன் கையை உதறிக்கொண்டு பின்னால் தாவினார். "ஏ அம்மிணி, கடிச்சிருச்சு. அதுக்குள்ள பல்லு மொளச்சிருச்சா?"

ருக்குமணி எதையும் யோசிக்கவில்லை. அண்ணனின் சுட்ட விரல்களைப் பிடித்துப் பக்கத்திலிருந்த மோர்ச் சட்டிக்குள் மணிக்கட்டு வரை அமுக்கினாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: ஜீப், ஓதம், எலி, கண்ணாயி.

மாதேஸ்வரன் தூளியை விலக்கிப் பார்த்தார். கறுப்புப் பெட்டி ஒன்று சாதுவாகப் படுத்திருந்தது. அவர் முகமும் அதே நிறத்துக்குப் போனது. "நான் வாரேன்" என்று திரும்பினார்.

"போக முடியாதுங்க மச்சான்" என்றான் அர்த்தனாரி. "கை நனைச்சிட்டீங்க."

"தண்ணி கணக்குல வராது மாப்ள."

"தண்ணியில்லீங்க, மோரு. உப்புப் போட்ட மோரு."

மாதேஸ்வரன் தன் கையைப் பார்த்தார். விரல் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது. இலை முன்னால் போய் உட்கார்ந்தார். ருக்குமணியின் கண்ணீர் சோற்றில் விழாமலிருக்க அர்த்தனாரியே பரிமாறினான்.

இரண்டாவது முறை சோறு வாங்கும்போதுதான் அவருக்கு அந்தக் கவலை வந்தது. "பஸ் ஏத்தி உட ஊரே வந்துச்சு. கொழந்த எப்படி இருக்குதுன்னு கேப்பாங்களே, என்னன்னு சொல்றது?"

"கறுப்பு, நல்ல கனம், தொட்டா கடிக்கும்னு சொல்லுங்கண்ணா. பொய்யில்லையே" என்றாள் ருக்குமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அப்ப மாமன் ஜாடைன்னு சொல்லிருங்க மச்சான்" என்றான் அர்த்தனாரி.