ஏழாவது குடும்பம்

முன்வரிசை பெஞ்சின் காலடியில் மண்டியிட்டு, மூக்கு தரையில் படும்படி குனிந்திருக்கிறார் செராஃபின் கின்ட்ஸ். ஜெபிக்கிறார் என்று நினைத்தால் நீங்கள் வெளியூர். ஞாயிறு ஆராதனைக்கு வந்த புராட்டஸ்டண்டுக்காரர்கள் பெஞ்சை ஒரு விரற்கடையாவது பீடத்துப் பக்கம் தள்ளியிருக்கிறார்களா என்று பார்க்கிறார். "போன வாரம் அங்க இருந்துச்சு, இப்ப இங்க இருக்கு. பெஞ்சுக்குக் காலு முளைச்சிருச்சா?" என்றார் ஒருநாள். மேலே ஆர்கன் மாடத்திலிருந்த நான், "அதுக்கு ஏற்கெனவே நாலு காலு இருக்கே" என்றேன். அன்றிலிருந்து என் மேலும் அவருக்கு ஒரு கண். இரண்டு சபைக்கும் ஆர்கன் வாசிக்கிறவளை யார்தான் நம்புவார்கள்?

ரேபன்வீலரில் கோயில் ஒன்று, சபை இரண்டு. மணிக்கூண்டும் நீண்ட கூடமும் புராட்டஸ்டண்டுகளுக்கு. ஒரு படி ஏறினால், கல்வளைவுகள் விலா எலும்புபோல் கூடி நிற்கும் பீடக்கூடம் கத்தோலிக்கருக்கு. வளைவுகள் சேரும் உச்சிக்கல்லில் புனிதர் யாரும் இல்லை. திராட்சைக்கொடி கவ்வாத்து செய்யும் கத்தியைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். கட்டினவர்களும் எங்களைப்போல் கொடி வளர்த்தவர்கள்தானே. அப்போது எல்லோரும் ஒரே சபை. பிறகு ஊரே சீர்திருத்தத்தின் பின்னால் போனது. சுவரிலிருந்த சித்திரங்களின்மேல் சுண்ணாம்பு விழுந்தது. அதற்கும் பிறகு பிரான்சு ராஜா ஓர் உத்தரவு போட்டார்: ஏழு கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கிற ஊரில் பீடக்கூடம் அவர்களுக்கு.

ராஜா போய், ராஜ்யமும் போய் எத்தனையோ காலமாகிறது. அந்த உத்தரவு செல்லாது என்று பள்ளிக்கூட வாத்தியாரே செராஃபினுக்கு எடுத்துச் சொன்னார். அவர் கேட்டால்தானே. "சட்டம் செத்தா என்ன? அதோட பேய் சாகலியே! நாங்க ஏழு குடும்பம் ஆறாயிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமையே லீனா படியேறிருவா."

லீனா ஓல்மன் புராட்டஸ்டண்டு பக்கத்துச் சாவிக்காரி. செராஃபின் கத்தோலிக்கரின் கோயில்பிள்ளை. சின்ன வயதில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கல்லறைச் சுவருக்குப் பின்னால் இருவருடைய கொடிகளும் அடுத்தடுத்த வரிசை. இருந்தும், பூசைக்கான ஒயினை இவர் கோயிலில் வைப்பதில்லை. தன் வீட்டு நிலவறையில் பூட்டி வைத்து, பூசையன்று கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவருவார். கேட்டால், "சாவி ரெண்டுதான். நாக்கு எத்தனையோ!"

போன குளிர்காலத்தில், ஏழாவது குடும்பமாகத் தனியே இருந்த விதவை ஓடில், நகரத்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமும் ஆனாள். செய்தி வந்தது செராஃபினுக்கு மட்டும். அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தினமும் காலையில் அவள் வீட்டு ஜன்னல் கதவுகளைத் திறப்பார், பொழுது சாய்ந்தால் சாத்துவார். வாசல் தொட்டியில் ஜெரேனியப் பூச்செடிகூட வைத்தார். உயிரோடு இருந்தவரைக்கும் ஓடில் செடி வைத்தவளே அல்ல.

லீனா ஒருநாள் அவரை வழியில் மடக்கினாள். "ஓடில் வீட்டு ஜன்னலத் தெறக்கறது யாரு?"

"காத்து."

"காத்துக்கிட்ட சாவி இருக்கா?"

"உனக்கெதுக்கு அடுத்த வீட்டுக் கணக்கு? உன் கொடியில புழு விழுந்திருக்கு, போய்ப் பாரு." சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்தார். "எண்ணிப் பாக்க ஆரம்பிச்சிட்டா. இடத்தைக் கொடுத்தா மடத்தைப் புடுங்கற கூட்டம் அது." இடத்தைக் கொடுத்தது யார், மடம் யாருடையது என்று நான் கேட்கவில்லை. வம்பை விலைக்கு வாங்குவானேன்.

அறுப்பு முடிந்து, ஊரெல்லாம் புளித்த திராட்சை மணக்கும்போது புதுச் சாமியார் வந்தார். இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். யார் முகமும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் மாடத்தில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். லீனா கீழே கூடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். செராஃபினோடு பீடத்தருகே நின்ற சாமியார், பூசை அப்பம் வைக்கும் நற்கருணைப் பேழையைத் தொட்டுப் பார்த்து, தூசியைத் தட்டி, இதை நகரத்துக்கு எடுத்துப்போய்விட்டுப் பீடக்கூடத்தைப் பூட்டிவிடலாம் என்றிருக்கிறேன் என்றார். "ஆளில்லாத இடத்துல ஆண்டவரைத் தனியா விடலாமா? எத்தனை குடும்பம் இருக்கீங்க?"

"ஏழு சாமி!"

"யார் யாருன்னு சொல்லுங்க."

செராஃபின் விரலை மடக்கினார். முதல் விரலுக்குத் தன் பெயர். பிறகு ஒவ்வொன்றாக ஆறு வரை வந்துவிட்டார். ஏழாவது விரல் மடங்கவில்லை. பீடத்துக்கு முன்னால் நின்று, சாமியாரின் முகத்தைப் பார்த்து, செத்தவள் பெயரைச் சொல்ல அந்த மனிதருக்கு நா எழவில்லை. இத்தனை வருஷமாக எதிரியைக் கூடத்துப் பக்கமே தேடியவர். பூட்டோடு வந்தது சொந்தச் சாமியார். ஆர்கனிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

கூடத்திலிருந்து செருப்புச் சத்தம். லீனா படியேறி வந்தாள்.

"ஏழாவது நாங்க, சாமி. ஓல்மன் குடும்பம்."

செராஃபினின் முகத்தில் ஈயாடவில்லை. எந்த நாளை நினைத்து அவர் தூக்கம் கெட்டதோ அந்த நாள், படியேறி வந்து பக்கத்திலேயே நிற்கிறது. அவள் காதோரம் குனிந்தார். அடிக்குரல்தான், கல்வளைவு அதை அப்படியே மாடத்துக்குத் தூக்கிக் கொடுத்தது.

"என்ன திட்டம் போட்டிருக்கே? இதுக்குப் பதிலா என்ன கேக்கப் போறே?"

"வாய மூடு. பாதிக் கோயிலப் பூட்டிட்டா மீதிப் பாதிக்கு எவன் வருவான்?"

அவர் நம்பவில்லை. கண்ணை இடுக்கி அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"ஏழு குடும்பம்னா இருக்கட்டும். பேழையும் இங்கயே இருக்கட்டும்," என்றார் சாமியார். "வந்ததுக்கு ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போவோம்." கண்ணை மூடினார். "பிதா, சுதன்..."

லீனாவின் கை நெற்றிக்குப் போய் மார்புக்கு இறங்கியது. ஓல்மன் வீட்டில் யாரும் சிலுவை அடையாளம் போட்டதில்லை. கை அங்கேயே தயங்கி, வலது தோளைப் பார்த்துக் கிளம்பியது. செராஃபின் தன் சிலுவையைப் பாதியில் விட்டுவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து இடது தோளுக்குத் திருப்பினார்.